ஊருக்கு 5ஜி வந்ததா, வரவில்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

2022 அக்டோபர் 1-ம் தேதி டெல்லியில் 5ஜி சேவையைத் தொடங்கிவைத்தார்கள். ஏர்டெலின் முதல் எட்டு நகரங்களில் சென்னையும் இருந்தது. ஜியோவும் அதே மாதத்தில் சென்னைக்கு வந்துவிட்டது. பெரிய நகரங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஆனால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் இன்றைக்கும் பல ஊர்களில் அதே கேள்விதான்: நம்ம பக்கம் எப்போ வரும்? ரீசார்ஜ் கடையில் கேட்டால், "அடுத்த மாசம் வந்துரும்ணே" என்பார் தம்பி. அது எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று அவருக்கும் தெரியாது, பாவம்.

வேகம் வரவில்லை என்றதும் டவர் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது நம் வழக்கம். டவர் தயாராக இருந்தும் போனோ, சிம்மோ, ரீசார்ஜ் திட்டமோ தடுத்துக்கொண்டிருப்பது நிறையப் பேருக்கு நடக்கிறது. இதற்கு நேர்மாறாக, டவரே மாறாத ஊரில் புதுப் போன் வாங்கிவைத்துக்கொண்டு தினமும் மேல்மூலையைப் பார்த்து ஏங்குகிறவர்களும் உண்டு. அதனால் தடை எங்கே என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். காத்திருப்பதா, செலவு செய்வதா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

பிரிப்பதற்கு ஒரே ஒரு சோதனை போதும். உங்கள் சிம்மைக் கழற்றி, 5ஜி ஒழுங்காக வரும் ஒருவருடைய போனில், அதே இடத்தில் நின்றுகொண்டு போட்டுப் பாருங்கள். அங்கே வந்தால் உங்கள் போனில்தான் கோளாறு. அங்கேயும் வரவில்லை, ஆனால் அவருடைய சிம் (அதே கம்பெனி) வருகிறது என்றால் உங்கள் சிம் அல்லது திட்டம். இரண்டு சிம்முமே வரவில்லை என்றால் அந்த இடத்துக்குச் சிக்னல் இல்லை. பத்து நிமிட வேலை இது. கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு விடை இதிலேயே கிடைத்துவிடும்.

"பக்கத்து வீட்டில் வருகிறது, எனக்கு வரவில்லை"

முதலில் செட்டிங்ஸ். ஆண்ட்ராய்டில் மொபைல் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய், விரும்பும் நெட்வொர்க் வகை என்ற இடத்தில் 5ஜி தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். "பேட்டரி நிக்குதில்ல" என்று யாராவது 4ஜிக்கு மாற்றிக் கொடுத்திருப்பார்கள், நாம் மறந்திருப்போம். ஐபோனில் மொபைல் சேவைக்குள் 'வாய்ஸ் அண்ட் டேட்டா' பக்கத்தில் '5ஜி ஆட்டோ' இருக்க வேண்டும். ஐபோன் 12 முதல் உள்ள மாடல்களுக்கு இந்தியாவில் 5ஜி திறந்ததே 2022 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2-ல்தான். அப்டேட்டே போடாமல் பழைய பதிப்பில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் தெரிவே கண்ணில் படாது. பேட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தால் சில போன்கள் சத்தமில்லாமல் 5ஜியை அணைத்துவிடும். இரண்டு சிம் போன் என்றால், டேட்டாவுக்கு எந்தச் சிம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அலைவரிசைக்குப் போக வேண்டும். இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் 5ஜி என்று அச்சடித்திருப்பதால் மட்டும் எல்லா 5ஜியும் அந்தப் போனில் வந்துவிடாது. இந்தியாவில் பிரதானமாக ஓடுவது 3300 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் என்78 (n78) என்ற அலைவரிசை. இதோடு ஜியோ கிராமப்புற வீச்சுக்கும் கட்டடத்துக்குள் நுழைவதற்கும் 700 மெகா ஹெர்ட்ஸில் இருக்கும் என்28-ஐயும் பயன்படுத்துகிறது. 2020, 2021-ல் விற்ற சில 5ஜி போன்களில் என்78 மட்டும்தான் உண்டு. டவுனில் அவை ஜோராக ஓடும். ஊருக்குள் 700-ல் மட்டும் சிக்னல் எட்டும் இடத்தில் 4ஜியோடு நின்றுவிடும். போன் மாடலின் பெயரோடு 'பேண்ட்' என்று சேர்த்துத் தேடினால் தயாரிப்பாளரின் பக்கத்திலேயே பட்டியல் இருக்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த போன் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஜியோவின் 5ஜி 4ஜியைச் சார்ந்திராமல் தனியாக நிற்கும் வகை. ஏர்டெல் தொடங்கியது 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் வகையில். ஆரம்பகால போன்கள் சிலவற்றில் இரண்டாவது வகை மட்டும் திறந்திருந்தது. முதல் வகை சாஃப்ட்வேர் அப்டேட்டில்தான் வந்தது. "என் போனில் ஏர்டெல் 5ஜி வருது, ஜியோ வரல" என்று சொல்கிறவர்கள் போன் கடைக்கு ஓடும் முன் அப்டேட் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.

போன் நன்றாக இருக்கிறது, சிம் மாற்றிப் பார்த்ததில் சிம் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால் திட்டத்தைப் பாருங்கள். 2024 ஜூலைக் கட்டண உயர்வோடு ஜியோ, பல திட்டங்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்த வரம்பற்ற 5ஜியை நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு என்று சுருக்கியது. ஒரே வீட்டில், ஒரே கம்பெனி சிம்மில், பையனுக்கு 5ஜி வந்து, ஒன்றரை ஜிபி போட்டிருக்கும் அப்பாவுக்கு வராமல் போகும் மர்மத்துக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. சிம் அட்டையை மாற்றத் தேவையில்லை. ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் 4ஜி சிம்மே 5ஜிக்குப் போதும்.

"கடைவீதியில் வருகிறது, வீட்டுக்குள் வந்தால் 4ஜி"

இது கோளாறே இல்லை, இயற்பியல். அதிர்வெண் ஏற ஏற அலை சீக்கிரம் களைத்துவிடும். சுவரில் முட்டினால் பாதி போய்விடும். என்78 டவரிலிருந்து சில நூறு மீட்டர் வரை பிரமாதமாக இருக்கும், ஒரு கிலோமீட்டரை நெருங்கும்போது திணறும். நடுவில் கான்கிரீட் தளம், தகரக் கூரை, கறுப்புக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதைவிட முன்பே நின்றுவிடும்.

எவ்வளவு பலவீனம் என்பதைக் கோடுகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது; அவை போனுக்குப் போன் வேறு. எண்ணாகப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். சாம்சங்கில் *#0011#, ஐபோனில் *3001#12345#* போட்டு அழைப்புப் பொத்தான். உள்ளே ஆங்கில எழுத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP), அதாவது சிக்னலின் வலு, என்று ஒரு வரி, பக்கத்தில் மைனஸ் குறியோடு ஒரு எண் இருக்கும். −85 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல். −100 சமாளிக்கும். −110-ஐத் தாண்டினால் இழுபறி, −120 என்றால் நூலில் தொங்குகிறது. மொட்டைமாடியில் ஒரு தடவை, ஹாலில் ஒரு தடவை, வழக்கமாகப் போனை வைக்கும் அலமாரிப் பக்கம் ஒரு தடவை பாருங்கள். மாடியில் −90, ஹாலில் −115 என்றால் ஊருக்கு 5ஜி வந்துவிட்டது, உங்கள் ஹாலுக்குத்தான் வரவில்லை. அந்தச் சோதனைப் பக்கத்தில் எதையும் மாற்றாமல் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஹாலுக்கு 5ஜி எட்டவில்லை என்று தெரிந்தால் வீட்டுக்குள் 4ஜியே மேல். எட்டியும் எட்டாமலும் இருக்கும் 5ஜியைத் தேடித் தேடிப் போன் சூடாகும், மத்தியானத்துக்குள் பேட்டரி இறங்கிவிடும். கேபிள்காரர் ஃபைபர் கொண்டுவந்திருந்தால் வைஃபை போட்டு, போனில் வைஃபை காலிங்கைத் திறந்துவிட்டால் பேச்சும் தெளிவாக இருக்கும்.

விமான நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு தனிக் கதை உண்டு. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவியின் அலைவரிசை 5ஜிக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. அதனால் ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள்ளும், அதன் நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் 3300 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் 5ஜி நிலையம் வைக்கக் கூடாது என்று 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. மாநகரத்துக்கு நடுவில் இருந்துகொண்டு 5ஜிக்கு ஏங்கிய தெருக்கள் சிலவற்றுக்கு இது காரணம்.

"5ஜி என்று காட்டுகிறது, வேகம் பழையபடிதான்"

அதிகம் கேட்கும் புலம்பல் இது. நான்கு காரணம் இருக்கலாம்.

முதலாவது, காட்டுவது உண்மையான 5ஜியாக இல்லாமல் இருக்கலாம். 4ஜியின் தோளில் நிற்கும் வகையில், "என்னிடம் 5ஜி வசதி உண்டு" என்று 4ஜி டவர் அறிவித்தாலே பல போன்கள் மேலே 5ஜி என்று எழுதிவிடும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு 5ஜி அலை வருகிறதா என்பது டேட்டா ஓடும்போதுதான் தெரியும். ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு மேல்மூலையையே பாருங்கள். சும்மா இருந்தபோது 5ஜி என்றிருந்தது, வீடியோ ஓடத் தொடங்கியதும் 4ஜிக்கு இறங்கினால் அந்த இடத்தில் 5ஜி பெயருக்குத்தான்.

இரண்டாவது, வந்திருப்பது 700 மெகா ஹெர்ட்ஸ் 5ஜி. இந்த அலை வெகுதூரம் போகும், சுவரையும் ஊடுருவும். ஆனால் ஜியோவிடம் அதில் இருப்பது 10 மெகா ஹெர்ட்ஸ் அகலம்தான். 3300 பக்கம் 100. ஒற்றையடிப் பாதைக்கும் நான்குவழிச் சாலைக்கும் உள்ள வித்தியாசம். விளம்பரத்தில் சொல்லும் ஐந்நூறு, அறுநூறு எம்பிபிஎஸ் எல்லாம் 100 மெகா ஹெர்ட்ஸ் கதை. 700-ல் பெரும்பாலும் நூறுக்குள்தான். சோதனைப் பக்கத்தில் அலைவரிசை எண் 28 என்று இருந்தால் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் என்78 வருகிறவரை காத்திருக்க வேண்டியதுதான், போனை மாற்றிப் பயனில்லை.

மூன்றாவது, டவருக்கு வரும் கோடு. போனுக்கும் டவருக்கும் நடுவில்தான் 5ஜி. டவரிலிருந்து பின்னால் போகும் இணைப்பு ஃபைபராக இருக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மைக்ரோவேவ் வழியாக அனுப்புவார்கள். டவரில் மத்தளம் மாதிரி வட்டமாக வெள்ளையாகத் தெரிவது அந்த டிஷ்தான். மேலே புது ஆண்டெனா மாட்டியும் பின்னால் பழைய இணைப்பே இருந்தால் எல்லோரும் அந்தக் குறுகிய வழியில்தான் நெருக்கியடிக்க வேண்டும். நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டவும், வனத்துறை நிலத்தில் குழி தோண்டவும் அனுமதி வாங்கிக் கேபிள் போடுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆண்டெனா மாட்டியும் வேகம் வராமல் இருக்கும் மலையடிவார ஊர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நான்காவது, கூட்டம். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு ஒரு முறை, அதே இடத்தில் நின்று வேகம் பாருங்கள். காலையில் பறந்து இரவில் தவழ்ந்தால் டவருக்குத் தாங்கவில்லை. இரண்டு நேரமும் ஒரே மாதிரி மந்தம், ஆர்எஸ்ஆர்பியும் நன்றாக இருக்கிறது என்றால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று.

வேகச் சோதனை செய்யும்போது கொஞ்சம் கவனம். 500 எம்பிபிஎஸ் வேகத்தில் பதினைந்து வினாடி ஓடினாலே ஏறக்குறைய ஒரு ஜிபி போய்விடும். வரம்பற்ற திட்டம் இல்லாதவர்கள் வேகத்தை அளந்தே அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிடுவார்கள்.

"முன்பு நன்றாக இருந்தது, இப்போது அதுவும் போச்சு"

சிக்னல் திடீரென்று சில மணி நேரம் செத்துப் பிழைக்கிறதா? உங்கள் தெருவுக்கு மட்டும் போய், அடுத்த தெருவில் இருக்கிறதா? நல்ல சகுனமாகக்கூட இருக்கலாம். ஒரு டவர் பொதுவாக மூன்று திசைக்கு மூன்று ஆண்டெனா வைத்திருக்கும்; வேலை நடக்கும்போது ஒவ்வொரு திசையாக அணைப்பார்கள். டவர் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். ஆள் உயரத்துக்கு ஒல்லியாக நீண்டு நிற்பவை வழக்கமான ஆண்டெனாக்கள். அவற்றின் அடியிலிருந்து கறுப்பு கேபிள்கள் கொத்தாக இறங்கும். அவற்றை விடக் குட்டையாக, அகலமாக, தடித்த பெட்டி போல ஒன்று, கேபிள்கள் மெலிதாக இரண்டு மூன்று மட்டும் இறங்கியபடி புதிதாக மாட்டியிருந்தால் என்78 வருகிறது என்று ஓரளவு நம்பலாம். ஓரளவுதான். இதே பெட்டியை 4ஜிக்கும் சில இடங்களில் மாட்டியிருக்கிறார்கள். 700-க்கான ஆண்டெனாவோ பழைய நீளமான உருவத்திலேயே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கீழே வேலியில் தொங்கும் பலகையில் இருப்பது டவர் நிறுவனத்தின் பெயர். ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனி குடியிருக்கும்.

சில மணி நேரம் போய்ச் சில நாள் ஆகியும் பழைய நிலை திரும்பவில்லை என்றால் புகார் கொடுக்கலாம். பழைய 3ஜி போன் வைத்திருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் டேட்டா போயிருந்தால் அது வேறு விஷயம். 3ஜி அலைவரிசையை 4ஜிக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது திரும்பி வராது, போனைத்தான் மாற்ற வேண்டும்.

"பிஎஸ்என்எல் 4ஜி வந்துவிட்டதாம், என் போனில் காணோம்"

உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைத்த பிஎஸ்என்எல் 4ஜியை 2025 செப்டம்பர் 27-ம் தேதி ஒடிசாவில் முறைப்படி தொடங்கிவைத்தார்கள். டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து செய்த வேலை. அறிவித்த கணக்கு 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள். மற்றவர்கள் எட்டிப்பார்க்காத மலைக்கிராமங்களில் இந்த டவர்தான் ஒரே துணை.

இங்கே மட்டும் சிம்மை முதலில் சந்தேகப்படுங்கள். பழைய 2ஜி, 3ஜி காலத்துச் சிம்மில் 4ஜி வராது. வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு ஆதாரோடு, எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரில் போய் மாற்ற வேண்டும். தாத்தா பெயரில் வாங்கிய எண்ணைப் பேரன் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது; மோசடியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. வங்கி ஓடிபியும் அதில் அடக்கம். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் போய்ச் சிம் மாற்றிக்கொண்டு நிற்காதீர்கள்.

அடுத்தது, மறுபடியும் அலைவரிசை. பிஎஸ்என்எல் 4ஜி 2100 மெகா ஹெர்ட்ஸிலும் 700-லும் வருகிறது. முதலாவது ஏறக்குறைய எல்லா 4ஜி போனிலும் உண்டு. 700 என்கிற பேண்ட் 28 பல விலை குறைந்த போன்களில் கிடையாது. டவரிலிருந்து தள்ளி, 700 மட்டும் எட்டும் தோட்டத்து வீட்டில் அந்தப் போன்கள் 2ஜிக்கு விழுந்துவிடும். அழைப்பு வரும்போதெல்லாம் டேட்டா அறுந்துபோனால் வோல்ட்டி (4ஜியிலேயே பேசும் வசதி, VoLTE) திறக்கவில்லை என்று பொருள். போனிலும் திறக்க வேண்டும், உங்கள் எண்ணுக்கும் அது போட்டிருக்கிறதா என்று அதே மையத்தில் கேட்டுவிட வேண்டும்.

"பேசும்போது மட்டும் 4ஜி ஆகிவிடுகிறது"

சரியாகத்தான் இருக்கிறது. பேச்சு 4ஜியில் போய், வைத்ததும் டேட்டா 5ஜிக்குத் திரும்பும். விட்டுவிடுங்கள்.

"5ஜிக்கு மாற்றித் தருகிறோம் என்று போன் வந்தது"

வைத்துவிடுங்கள். மேலே சொன்னபடி 4ஜி சிம்மை 5ஜிக்காக மாற்ற வேண்டிய தேவையே ஜியோ, ஏர்டெலில் இல்லை. ஓடிபி கேட்பார்கள், அல்லது ஒரு எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்வார்கள். செய்தால் உங்கள் எண் அவர்கள் கையில் இருக்கும் இ-சிம்முக்கு (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) போய்விடும், உங்கள் போனில் சிக்னல் செத்துவிடும். ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருந்தால் உடனே வங்கிக்கும் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அழையுங்கள்.

"சோதித்துப் பார்த்தாச்சு. யாருக்குமே வரவில்லை"

அப்படியென்றால் காத்திருக்க வேண்டியது உண்மையாகவே டவருக்குத்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது. தெருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வரைபடம் வீட்டுக்கு வெளியே கிடைப்பதை வைத்து வரைந்தது. ஓரத்தில் இருக்கும் தெருவைப் பாதிக் கண்ணோடு நம்பலாம். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில், உங்களைச் சுற்றியுள்ள டவர்கள் எவை, அவற்றில் எந்தத் தலைமுறை ஓடுகிறது என்று தேடலாம்.

புகாருக்கு 198. "5ஜி எப்போ வரும்" என்று கேட்டால் "விரைவில் சார்" என்றுதான் பதில் வரும். அதை விட்டுவிட்டு, "இந்த இடத்தில், இரவு எட்டிலிருந்து பத்து வரை வேகம் இவ்வளவு, ஆர்எஸ்ஆர்பி இவ்வளவு" என்று சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காலத்தைப் போக்க வேண்டாம். அதற்கு மேல் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளம் இருக்கிறது. தெருவில் நாலு வீடு தனித்தனியாகப் புகார் கொடுத்தால் ஒரே டவரின் கணக்கில் நாலு புகார் ஏறும். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் திட்டுவதைவிட அதற்கு எடை அதிகம்.

வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். அனுப்புவதற்கு முன்னால், அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் மச்சானையோ அக்காவையோ ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பாடு போட்டு உட்காரவைத்து, இரவு ஒன்பது மணிக்கு உங்கள் ஹாலில், உங்கள் அலமாரிப் பக்கத்தில் அவருடைய சிம்மை உங்கள் போனில் போட்டு வேகம் பாருங்கள். அது உங்களுடையதைவிட மோசமாக இருந்தால் 1900-க்கு அனுப்ப வேண்டாம்.